சாந்தம்மாள் எழுந்து பார்க்கும் திசை

என் மனைவி சாந்தம்மாள் மோட்சத்தைப் பற்றிப் பேசினால், ஒரு நடை போய்விட்டு வந்தவள் மாதிரியே பேசுவாள். பன்னிரண்டு வாசலாம். ஒவ்வொரு வாசலும் ஒரே முத்தில் செய்ததாம். தெருவெல்லாம் தங்கமாம். சூரியனும் கிடையாது, சந்திரனும் கிடையாது, ஆனால் வெளிச்சத்துக்கு மட்டும் குறைச்சல் இருக்காதாம். நான் ஜீப் ஓட்டுகிறவன். விடியும் முன்னே மூணாறு லாட்ஜுகளில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு போய் மலையுச்சியில் நிறுத்தி, "அந்தா பாருங்க சூரியன்" என்று கிழக்கைக் காட்டுவதுதான் என் பிழைப்பு. சூரியனே இல்லாத ஊரில் எனக்கு என்ன வேலை என்று அவளிடம் கேட்பேன்.

"அங்க யாருக்குமே வேல கெடையாதுங்க. அதனாலதான அது மோட்சம்" என்பாள்.

எங்களுடையது எஸ்டேட் கல்யாணம். அவள் வேதக்காரர் வீட்டுப் பெண், மாதா கோயில்காரி. நான் வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுக்கிற வீட்டுப் பையன். கீழே ஊர்நாட்டில் என்றால் அரிவாளைத் தூக்கியிருப்பார்கள். வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் செபமாலை, இந்தப் பக்கம் முருகன் பாட்டு, சுவரோ மெல்லிசு. இரண்டும் இரண்டு வீட்டுக்கும் மனப்பாடம். பெரியவர்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், மகள் சோனா பிறந்ததும் இறக்கி வைத்துவிட்டார்கள். சோனாவுக்குக் கோயிலில் ஞானஸ்நானமும் நடந்தது, பழனியில் மொட்டையும் நடந்தது. இப்போது மூணாறில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அவள் அம்மாவைப் போலவே கண்டிப்பானவள்.

சாந்தம்மாள் காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். எங்கள் எஸ்டேட்டில் எல்லாவற்றுக்கும் ஃபாக்டரி சங்குதான். வேலைக்குக் கிளம்ப ஒரு சங்கு, சோற்றுக்கு ஒரு சங்கு, வீட்டுக்கு ஒரு சங்கு. அந்த முதல் சங்குக்கு முன்னாலேயே அவள் எழுந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, கட்டன் சாயா போட்டு என்னைத் தட்டி எழுப்புவாள். சூரியோதயம் காட்டப் போகிற நாட்களிலும் அப்படித்தான். ஊருக்கெல்லாம் விடியலைக் காட்டுகிற நான், என் வீட்டில் விடிவதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

சங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் லயங்களுக்குக் கிழக்கே இருக்கிறது ஃபாக்டரி. அதனால் சங்கு சத்தம் வருகிற பக்கம் கிழக்கு. லயத்தில் பிறந்த குழந்தைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மஞ்சு இறங்கி, நீட்டின கை தெரியாத நாட்களில் பெண்கள் சங்கை வைத்துத்தான் திசை கண்டுபிடிப்பார்கள். "சங்குப் பக்கம் திரும்பு" என்றால் கிழக்கே திரும்பு என்று அர்த்தம். கிழக்கு என்ற சொல்லையே பாதிப்பேர் பேசுவதில்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் ஜீப்பை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டேன். சன்னல் ஓரம் கட்டிலைப் போட்டோம். மஞ்சு சன்னல் வழியாக உள்ளே வரும், கட்டிலைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு அடுப்படி வழியாக வெளியே போகும். அது வரும்போது அவள் பேச்சும் எங்கேயோ போய்விடும்.

"இங்கேருங்க, அந்தச் சரிவுல வெள்ளையா நிக்கிறாகளே, அவுகள்லாம் யாரு?"

"ஏ புள்ள, அது சில்வர் ஓக் மரம்."

"மரமா? கூடையில்லாம நிக்கிறதப் பாத்ததும் நான் வேற என்னமோன்னு நெனச்சுட்டேன்" என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் அடங்கும்வரை நான் முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். அந்த முதுகில் கூடைக் கயிறு பதிந்த தடம் அப்படியே இருந்தது.

தினமும் சாயங்காலம் செபம் சொல்ல சுவக்கீன் வருவார். எங்கள் டிவிஷன் உபதேசியார் அவர். பங்குச் சாமியார் வர முடியாத நாட்களில் செபம், சாவு எல்லாம் அவர் பொறுப்பு. என் வயசுக்காரர், என் சீட்டாட்டக் கூட்டாளி, பாட்டு என்றால் சுதி சேராது. ஆனால் மோட்சத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். உயிர்த்தெழும்போது எல்லாரும் சேசு மரித்த வயசில், முப்பத்துமூன்று வயசுக்காரர்களாய் எழுந்திருப்பார்கள் என்று ஒரு நாள் சொன்னார். கிழவனும் முப்பத்துமூன்று, குழந்தையும் முப்பத்துமூன்று.

சாந்தம்மாள் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப எனக்கு முட்டுவலி இருக்காது. இவுகளுக்கு மீசை கருப்பா இருக்கும்" என்றாள்.

"அவரு அங்க வந்தாத்தானம்மா மீசை" என்றார் சுவக்கீன். பிறகு என் பக்கம் திரும்பி, "வே, நீரும் தலையில ரெண்டு சொட்டுத் தண்ணி வாங்கிக்கிடும். போற எடத்துல தொணையா இருக்கும்" என்றார்.

"காவடி எடுத்த தோளு வே இது. பழனியாண்டவர் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்றேன். எப்போதும் சொல்கிறதுதான். ஆனால் அன்று அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், "சரி வே, வந்தேன்னே வச்சுக்கிடும். அங்க இவ எம் பொண்டாட்டியா இருப்பாளா, மாட்டாளா? அத மொதல்ல சொல்லும்" என்று கேட்டேன்.

சுவக்கீன் தொண்டையைச் செருமினார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அங்கே கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது, புருஷன் பெண்டாட்டி கிடையாது, எல்லாரும் றெக்கை முளைத்த சம்மனசுகள் மாதிரி இருப்பார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வையில் குளிரைத் தாங்கி, ஒரு பிள்ளையைப் புதைத்து ஒரு பிள்ளையை வளர்த்த எங்களை, வாசலில் வைத்துப் பிரித்துவிடுகிற ஊர் என்ன ஊர்? அதற்கு எதற்குத் தங்கத்தில் தெரு? எழுந்து வெளியே போய், நனைந்துகொண்டே நின்றேன். உள்ளே சுவக்கீன் சுதி சேராமல் பாடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவளாகவே பேச்சை எடுத்தாள். "கோவமா?"

"பின்ன? நீ பாட்டுக்குச் சம்மனசா பறந்துக்கிட்டு இருப்ப. நான் ஏழு சென்மத்துல ஆடாவோ மாடாவோ கீழ மேஞ்சுக்கிட்டு இருக்கணும். நல்லா இருக்கு ஞாயம்."

"ஆடாப் பொறந்தா நம்ம லயத்துப் பக்கம் வராதீக. பாண்டித்துரை கொழந்தன் வெட்டித் தின்னுருவாரு" என்றாள். பாண்டித்துரை என் தம்பி. பக்கத்து லயத்தில் இருக்கிறான், ஆட்டுக்கறி என்றால் உயிர். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சு உள்ளே வந்திருந்தது. அவள் முகம் எனக்குப் பாதிதான் தெரிந்தது.

"தங்கமும் முத்தும் எனக்கு எதுக்குங்க? எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். என்னையக் கெழக்கு முகமா குழியில வச்சிருப்பாக. கடேசி நாள் எக்காளம் ஊதுனதும் எந்திரிப்பேன். சேசு ஆண்டவரு கெழக்கயிருந்துதான் வருவாரு. நான் கண்ணு முழிக்கயில அவரு எனக்கு முன்னாலயே முழிச்சு, என்னையப் பாத்துக்கிட்டு நிக்கணும். பொறந்ததுலயிருந்து நாந்தான எல்லாருக்கும் முந்தி முழிச்சேன். நான் எந்திரிக்கயில எனக்குன்னு முழிச்சிருந்த ஒரு மொகத்த நான் பாத்ததே இல்ல. மொத மொகமா அவரு மொகத்தப் பாக்கணும்."

குறை சொல்கிற குரல் இல்லை அது. நாளைக்கு மூணாறு சந்தைக்குப் போக வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் நெஞ்சில் குத்தியது. அன்றைக்கு ராத்திரி, மறுநாள் நான் அவளுக்கு முன்னால் விழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். விழித்தபோது அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே போய்விட்டாள். பகல் சோற்றுச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். சோனா கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள், நான் அம்மாவைக் கூப்பிடாதே என்று கையைக் காட்டினேன்.

எங்கள் பழைய கல்லறைத் தோட்டம் உருள்பொட்டலில் மலை சரிந்து, பாதி இடிந்து ஆற்றோடு போய்விட்டது. அதனால் மேட்டில் புதிதாக ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஃபாக்டரியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, எதிர்மலையில் ஏற வேண்டும். புல் மட்டும் முளைத்த மொட்டை மேடு. அங்கே அடக்கம் செய்யப்பட்ட முதல் ஆள் சாந்தம்மாள்தான். அன்றைக்கு இறங்கியிருந்த மஞ்சு மாதிரி நான் இதுவரை பார்த்ததில்லை. பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர்களுக்குப் பின்பக்கத்தைத் தூக்கியவர்கள் தெரியவில்லை. சுவக்கீன் முன்னால் பாடிக்கொண்டே போக, அந்தக் காது கொடுத்துக் கேட்க முடியாத குரலைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் ஏறினோம்.

நாங்கள் ஏறியபோது குழி தயாராக இருந்தது. கிழக்கே கால் நீட்டி இறக்க வேண்டும், மஞ்சில் எது கிழக்கு என்று ஒரு கேள்வி வந்தது. சரியாக அப்போது சாயங்காலச் சங்கு ஊதியது. "சங்குப் பக்கம் காலு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சரி சரி என்றார்கள், சுவக்கீனும் தலையாட்டினார். கால் சங்குப் பக்கம், தலை எதிர்ப்பக்கம், தலைமாட்டில் ஒரு மரக் குருசு. நான் ஒரு பிடி மண் போட்டேன். மண் பெட்டியில் விழுந்த சத்தம் ரொம்ப நேரம் கழித்துக் கேட்டது போல இருந்தது.

மஞ்சு விலகவில்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மறுநாள் கொடுத்திருந்த ஜீப்பை வாங்கிக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்று போனேன். ஒரு வளைவில் வழி தெரியாமல் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்தேன். பட்டப்பகலில் தூங்கிப்போனேன். கனவில் அதே ரோடு. வளைவைத் தாண்டினால் ஒரு செக்போஸ்ட். முத்தும் இல்லை, தங்கமும் இல்லை. குறுக்கே ஒரு மூங்கில், பக்கத்தில் தகரக் கொட்டகை. சாவிக்கொத்து வைத்திருந்த ஒரு பெரியவர், ஃபாரஸ்ட்காரர்கள் போடுகிற மாதிரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"சாந்தம்மாள. கொழுந்துக்காரி. நேத்துத்தான் வந்தா."

அவர் எட்டிப் பார்த்தார். "அவங்க இன்னும் எழுந்திருக்கலையே."

"இருக்காதுங்க. நல்லாப் பாருங்க. அவ எல்லாருக்கும் முந்தி எந்திரிக்கிறவ."

"இங்க வந்தா எல்லாரும் மெதுவாத்தான் எழுந்திருப்பாங்க" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு எனக்கும் ஒரு டம்ளரில் சாயா ஊற்றினார். நான் ஜீப்பில் சாய்ந்துகொண்டு குடித்தேன். அந்தப் பக்கம் எல்லாம் வெளிச்சமாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அவளைத் தூங்கவிட்டார்களே என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. விழித்தபோது கண்ணாடியெல்லாம் ஈரம், என் முகமும் ஈரம்.

மூன்றாம் நாள் செபத்துக்கு நானும் சுவக்கீனும் மேட்டுக்கு ஏறினோம். பாதி வழியில் மஞ்சு கிழியத் தொடங்கியது. மேலே போய்ச் சேர்ந்தபோது, துடைத்து வைத்த மாதிரி வானம். ஆனமுடி தெரிந்தது. போடிமெட்டுப் பக்கம் சூரியன் ஏறியிருந்தது. தொழில் புத்தி, நான் முதலில் சூரியனைப் பார்த்தேன். அப்புறம் குருசைப் பார்த்தேன். குருசு சூரியன் பக்கம் நின்றது.

சுவக்கீன் இன்னும் மெழுகுவர்த்தியைக் கொளுத்த மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் மெல்லத் திரும்பிக் கீழே பார்த்தேன். ஃபாக்டரி எங்களுக்கு மேற்கே இருந்தது. இருக்கத்தானே செய்யும்? அதைத் தாண்டித்தானே ஏறி வந்தோம். லயத்தில் இருக்கிறவனுக்குத்தான் சங்கு கிழக்கு. மேட்டில் இருக்கிறவனுக்கு அது மேற்கு. இவ்வளவு நாள் ரோடு ரோடாகச் சுற்றின எனக்கே அன்றைக்கு அது உறைக்கவில்லை. சாந்தம்மாளைத் தலைமாறிப் புதைத்திருந்தோம். எழுந்தால் மேற்கே பார்த்து எழுவாள். அவளுடைய ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அப்போது என் மனசில் என்ன வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. சந்தோஷம் வந்தது. ஏனென்றால் மேற்கே, ஃபாக்டரியைத் தாண்டி எங்கள் லயம் தெரிந்தது; லயத்துக்குக் கீழே ஓடை வளைந்து வரும் கரையில் எங்கள் ஆட்களின் மயானம் தெரிந்தது. எங்களில் புதைக்கிற வழக்கம்தான். நாளைக்கு என்னையும் அங்கேதான் வைப்பார்கள். அவள் கண் விழித்தால் நேரே என்னைத்தான் பார்ப்பாள். கல்யாணம் கிடையாது என்று சொன்ன ஊரில், முதல் முகம் என் முகம்! பழனியாண்டவரே, உன் விளையாட்டா இது என்று நினைத்தேன். சுவக்கீன் பார்க்கும் முன்னே மறுபடியும் மஞ்சு இறங்கிவிடாதா என்றுகூட ஆசைப்பட்டேன்.

அவர் பார்த்துவிட்டார். குருசைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், கையிலிருந்த மெழுகுவர்த்தி புல்லில் விழுந்தது.

"வே செல்லத்துரை... நாம என்ன காரியம் பண்ணிட்டோம்?"

"என்ன பண்ணிட்டோம்? நல்லாத்தான இருக்கா. வீட்டப் பாத்துப் படுத்திருக்கா" என்றேன்.

"நீரு வெளையாடாதேயும். எந்தலையில இடி விழ. நாந்தான தலையாட்டினேன்." அவர் அழுதுவிடுவார் போல இருந்தது. திருப்பிவிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொன்னேன். நான்தான் புருஷன், என் பேச்சுக்கு மேல் பேச்சில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது சங்கு ஊதியது, காலை வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு. மேட்டிலிருந்து கேட்டால் அது எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நேராக நெஞ்சில் வந்து அடிக்கிறது. சத்தம் அவள் கால்மாட்டுப் பக்கமிருந்து, அவள் முகத்துக்கு நேராக வந்தது. லயத்துக் கதவுகள் திறந்தன. பெண்கள் தார்ப்பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு, சாரை சாரையாக ரோட்டில் இறங்கினார்கள். ஒருத்தி பிந்திவிட்டாள், தலையை அள்ளி முடிந்துகொண்டே ஓடினாள். அந்த ஓட்டம் எனக்குத் தெரியும்.

நான் அவள் படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தேன். அதுவரை நான் அங்கே என் வீட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். இப்போது மற்றதும் தெரிந்தது. கடைசி நாளில் எக்காளம் ஊதி, செத்தவர்களெல்லாம் எழுந்திருக்கிற அன்றைக்கு, சாந்தம்மாள் கண்ணைத் திறந்தால் தெரியப்போவது ஃபாக்டரி, அடுப்புப் புகை, தண்ணீர்க் குழாய், எல்லாவற்றுக்கும் கடைசியில் அங்கே கீழே இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிற நான். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாதா? மோட்சமாவது மண்ணாங்கட்டியாவது. நேரமாகிவிட்டது என்று கூடையைத் தேடுவாள். எனக்குச் சாயா போட ஓடி வருவாள்.

 சுவக்கீன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"வே, எந்திரியும். சாமியாரப் போயிப் பாப்போம்" என்றேன்.

சாமியார் ஜோமோன் சின்ன வயசுக்காரர், கோட்டயம் பக்கத்து மலையாளி. நல்ல மனுஷர். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "சேட்டா, தெய்வத்துக்கு கிழக்கும் மேற்கும் ஒண்ணும் இல்லா கேட்டோ. அவங்க ஆத்மா இப்பவே தெய்வத்துகிட்டதான் இருக்கு. எப்படி வச்சாலும் ஒண்ணுதான். வெறுதே மனசு விஷமிக்காதீங்க" என்றார்.

"தெய்வத்துக்கு இல்லாம இருக்கலாம் அச்சா. எம் பொண்டாட்டிக்கு இருந்துச்சு" என்றேன். "அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் நாங்க முதுகுப் பக்கமா வச்சிட்டோம்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த அங்கியை எடுத்துக்கொண்டு, வாருங்கள் என்றார்.

சோனாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அப்பா, அம்மாவ நிம்மதியாத் தூங்க விடுங்க. எதுக்கு மறுபடி மண்ணத் தோண்டிக்கிட்டு? நீங்கதான் இதயெல்லாம் நம்புறதே இல்லியே" என்று ரிசார்ட் யூனிஃபார்மோடு வந்து மேட்டில் நின்று அழுதாள்.

"நான் நம்பல. உங்கம்மா நம்பினா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யூனிஃபார்ம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளே குருசைப் பிடுங்கி எடுத்தாள்.

வெயிலிருந்தது. புது மண், சுலபமாக வந்தது. பாண்டித்துரை, சுவக்கீன், குழி வெட்டின ஆட்கள், நான் எல்லாரும் கயிறு பிடித்தோம். பெட்டியை மேலே தூக்கிப் புல்லில் வைத்தோம். அவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மெல்ல வட்டமாகச் சுற்றினோம். ஃபாக்டரியை விட்டு, லயத்தை விட்டு, ஓடைக்கரையை விட்டுத் திருப்பினோம். நான் தலைமாட்டைப் பிடித்திருந்தேன். திரும்பி முடித்தபோது சூரியன் நேராக என் கண்ணில் அடித்தது. மெதுவாக இறக்குங்கள், எழுப்பிவிடாதீர்கள் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சாமியார் மறுபடியும் தீர்த்தம் தெளித்தார். சோனா குருசை மேற்குப் பக்கம் நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள். சுவக்கீன் பாட ஆரம்பித்தார், நான் முதல் முறையாகக் கூடப் பாடினேன். எனக்கும் சுதி சேரவில்லை.

எல்லாரும் இறங்கிப் போனபிறகு நானும் பாண்டித்துரையும் மட்டும் மண்வெட்டிகளைக் கழுவ ஓடைக்கரைக்குப் போனோம். எங்கள் மயானம் பக்கத்தில்தான். எங்கள் ஆட்களின் சாவுக் காரியங்களுக்கு அவன்தான் முன்னே நிற்பான். அங்கே நின்று மேட்டைப் பார்த்தேன். குருசு சின்னதாகத் தெரிந்தது, அதன் முதுகுதான் எங்கள் பக்கம்.

"பாண்டி, என்னைய வைக்கயில மேக்க தல வச்சு, கெழக்க காலு நீட்டி வையி" என்றேன்.

அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான். "என்னண்ணே பேசுத? நம்மாளுகளுக்குத் தெக்கதான தல வைக்கணும். அப்பாவ எப்பிடி வச்சோம்? வேதக்காரன் மாதிரி வச்சா சொந்தக்காரன் ஒருத்தன் தொட்டுத் தூக்க மாட்டான்."

"நீ தூக்கு. சோனா தூக்குவா. சுவக்கீன் தூக்குவான். போதும்."

"தண்ணி ஊத்திக்கிட்டு வேதத்துக்குப் போகப் போறியா?"

"அதெல்லாம் இல்ல. நான் பழனிக்காரந்தான். எந்திரிப்பேனோ, ஆடாப் பொறப்பேனோ, என்னமோ, எனக்குத் தெரியாது. ஒருவேள எந்திரிச்சேன்னா கெழக்கப் பாத்து எந்திரிக்கணும்."

"எதுக்கு? அவுக சாமியப் பாக்கவா?"

"அவர அவ பாக்கட்டும். நான் மேட்டப் பாக்கணும்."

பாண்டித்துரை கண்ணை இடுக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. "இங்கயிருந்து பாத்தா மதினி முதுகுதானண்ணே தெரியும்" என்றான் மெதுவாக. "அவுக திரும்பியே பாக்காட்டா?"

"பாக்காட்டிப் போறா" என்றேன். "அவளுக்கு முந்தி முழிச்சு ஒருத்தர் நிக்காருன்னு நான் கண்ணால பாத்தாப் போதும்."